வெட்டிய கட்டையிலிருந்து மடக்குப் பல்லாங்குழி: பச்சை மரம் முதல் மெழுகு வரை

பல்லாங்குழிக் கட்டை செய்ய உளி பிடிக்கிற கைத்திறன் வேண்டும்தான், ஆனால் அதைவிட முக்கியம் மரம் எப்படிக் காய்கிறது என்று தெரிந்திருப்பது. மரக்கடையில் காய்ந்த பலகை வாங்கினால் இந்தக் கவலை இல்லை. கொல்லையில் கழித்த கிளை, வரப்போரம் சாய்ந்த மரம், புயலில் விழுந்தது என்று நாமே எடுத்த மரத்தில் செய்யும்போதுதான் சிக்கல், ஏனென்றால் பச்சை மரம் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும், "நன்றாகக் காயட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று முழு உருட்டுக்கட்டையாக மூலையில் போட்டு வைத்தால் அது வெடித்துத்தான் கிடைக்கும். அதனால் நான் சொல்லும் முறை இது: மரம் பச்சையாக இருக்கும்போதே பிளந்து, குழிகளைப் பாதி தோண்டி, அப்படியே காயவிடுங்கள். காய்ந்தபிறகு மீதியை முடியுங்கள். பச்சை மரத்தில் உளி சுகமாக இறங்கும், தோண்டிய கட்டையில் கனம் (தடிமன்) குறைவு என்பதால் ஈரமும் சீராக வெளியேறும், வெடிப்பும் குறையும்.

இன்னொரு முடிவும் முதலிலேயே எடுத்துவிடுவோம். 14 குழியும் ஒரே பலகையில் வேண்டாம், வரிசைக்கு 7 குழியாக இரண்டு பலகை செய்து, நடுவில் கீல் வைத்து மடக்குகிற மாதிரி செய்வோம். பலகை அகலம் குறையக் குறைய கோணிக்கொள்வதும் குறையும், பெரிய மரமும் தேவைப்படாது. ஒரு கட்டையை நடுவில் பிளந்தால் ஒரு பாதி உங்கள் வரிசை, மறு பாதி எதிராளியின் வரிசை, இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே ரேகை. மடக்கினால் முத்துகளும் உள்ளேயே இருந்துகொள்ளும்.

எந்த மரம்

என் முதல் தேர்வு பூவரசு. ரேகை நெருக்கமானது, காயும்போது சுருக்கம் குறைவு, வைரம் (மரத்தின் உள்ளே இருக்கும் கெட்டிப் பகுதி) பழுப்பும் சிவப்புமாக, சில கட்டைகளில் சாக்லேட் நிறத்தில்கூட வரும். ஹவாய் தீவுகளில் இதே மரத்தை மிலோ என்று அழைத்து, காலங்காலமாக உணவுக் கிண்ணம் குடைந்து வருகிறார்கள், குழி தோண்டுவதற்கு இது ஏற்ற மரம் என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்.

பலா அடுத்தது. மஞ்சளாக இருந்து வருஷங்கள் போகப் போகப் பழுப்பேறும், உளிக்கு இசைவான மரம். வேம்பு நல்ல மரம்தான், ஆனால் நார் இங்குமங்கும் திரும்பும், தூசி தொண்டையில் கசக்கும். வாகை அழகானது, அதன் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். மாமரம் எளிதில் கிடைக்கும், எளிதில் வெட்டுப்படும், பூச்சியும் அதே அளவு எளிதில் பிடிக்கும். புளி கல் மாதிரி, கையால் 14 குழி தோண்ட நினைப்பவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தென்னை, பனை, முருங்கை மூன்றையும் விட்டுவிடுங்கள்.

சீமைக்கருவேலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் வெட்டினால் யாரும் வருத்தப்படாத மரம் அதுதான், அதை அகற்றச் சொல்லி நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. காயும்போது மிகக் குறைவாகச் சுருங்கும், செம்பழுப்பு வைரம் பளபளப்பாக மெருகேறும். ஆனால் நேரான கட்டை கிடைப்பது அரிது, முள் குத்தினால் வீங்கி நாட்கணக்கில் வலிக்கும், காய்ந்துவிட்டால் உளியை மதிக்காது. பருத்த அடிமரம் ஒன்று நேராகக் கிடைத்தால் விடாதீர்கள், வெட்டிய வாரமே தோண்டிவிடுங்கள்.

சொந்த நிலத்து மரமானாலும் சந்தனம், தேக்கு, ஈட்டி என்றால் இப்போதைய விதி என்ன என்று வனத்துறையிடம் கேட்காமல் வெட்டவும் வேண்டாம், எடுத்துப்போகவும் வேண்டாம். சாலையோரம், புறம்போக்கு, ஏரிக்கரை மரங்களில் அனுமதி இல்லாமல் ஒரு கிளையைக்கூடத் தொடாதீர்கள். 2016 வர்தா, 2018 கஜா மாதிரிப் புயல்களுக்குப் பிறகு நல்ல நல்ல மரமெல்லாம் விறகாகப் போனதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விழுந்த மரமே நமக்குத் தாராளம். அகற்றுகிறவர்களிடம் கேட்டு ஒரு துண்டு வாங்கிக்கொள்வது பச்சை மரத்தை வெட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

கட்டையைப் பார்த்து எடுப்பது

பட்டையோடு 2 அடி சுற்றளவு, இரண்டரை அடி நீளம், இவ்வளவு போதும். முடிந்த பலகை 52 செ.மீ. நீளம்தான், ஆனால் இரு முனையிலும் வெடிப்பு விழுந்து வெட்டிப்போட வேண்டியிருக்கும், அந்த இழப்புக்கும் சேர்த்துத்தான் இந்த நீளம்.

கிளையா அடிமரமா என்பது முக்கியம். படுக்கையாக நீண்ட கிளையில் மரம் தன் பாரத்தைத் தாங்குவதற்காக மேல்பக்கம் இறுக்கமான நார் வளர்த்திருக்கும், காயும்போது அந்தப் பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் ஒரு மாதிரியும் சுருங்கி, பலகை வில்லாக வளையும், இழைத்தால் பஞ்சு மாதிரி நார் நிற்கும். அறுத்த முகத்தைப் பாருங்கள். வளையங்களின் மையம் ஏறக்குறைய நடுவில் இருந்தால் எடுங்கள், ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தால் விறகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேராக மேல்நோக்கி வளர்ந்த கொம்பும் அடிமரமும்தான் நமக்கு. பட்டையில் சுழி மாதிரித் தெரிந்தால் உள்ளே கணு இருக்கும், பட்டைக் கோடுகள் திருகி ஏறினால் நாரும் திருகலாகத்தான் இருக்கும், பிளக்கும்போது மின்விசிறி இறக்கை மாதிரி முறுக்கிக்கொண்டு வரும். ஊர் நடுவே நின்ற மரமானால் ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள், விளம்பரத் தகடு அடித்த ஆணி ஒன்று ரம்பத்தின் பற்களைத் தின்றுவிடும்.

கிளையை அறுப்பதென்றால் முதலில் அடிப்பக்கம் கால்வாசி அறுத்துவிட்டு அப்புறம் மேலிருந்து அறுங்கள், இல்லையென்றால் பாரத்தில் பட்டையோடு கிழிந்து இறங்கும். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் நீங்களே செய்யாதீர்கள், மரம் ஏறுபவரைக் கூப்பிடுங்கள்.

அறுத்த அன்றே, முடிந்தால் அந்த மணிக்கே, இரண்டு முனை முகத்திலும் உருகிய மெழுகோ மீந்த பெயின்ட்டோ தடிப்பாகப் பூசுங்கள். மரத்தில் தண்ணீர் ஓடும் குழாய்கள் நீளவாட்டில் இருப்பதால் முனை முகம் வழியாக ஈரம் பக்கவாட்டைவிட 10 முதல் 15 மடங்கு வேகமாக வெளியேறும். முனை மட்டும் காய்ந்து சுருங்கும், உள்ளே இருப்பது சுருங்காது, நடுவில் கிழியும். இந்த ஒரு பூச்சு செய்கிற உதவியை வேறெதுவும் செய்யாது.

பிளப்பது

இரண்டு நாளுக்குள் பிளந்துவிடுங்கள். மரம் வளையத்தின் வழியாகச் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து பட்டைக்குப் போகும் திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழு உருளையில் இந்த வித்தியாசத்துக்கு இடமே இல்லாததால்தான் மையம் வரை ஒரு வெடிப்பு விழுகிறது. பிளந்துவிட்டால் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும்.

முனையில் மையத்தின் வழியாக ஒரு கோடு போடுங்கள், ஏற்கெனவே மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அந்தக் கோட்டிலேயே. கோட்டின் மேல் இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடித்தால் கட்டை முனகிக்கொண்டே திறக்கும், பக்கவாட்டில் விழும் பிளவில் அடுத்த ஆப்பை வைத்துக்கொண்டே போங்கள். ரம்பத்தால் அறுத்தாலும் தப்பில்லை, ஆனால் ஆப்பு நாரின் போக்கிலேயே பிளக்கும், அப்படி வரும் பலகை பின்னால் முறுக்கிக்கொள்வது குறைவு. பட்டையை உரித்துவிடுங்கள், பூச்சி குடியிருப்பது அதற்கடியில்தான்.

இப்போது வாச்சியோ கோடாலியோ வைத்து ஒவ்வொரு பாதியையும் பலகையாகச் செதுக்க வேண்டும். மையத் தண்டு ஓடும் இடத்தில் ஒரு செ.மீ. ஆழத்துக்கு எடுத்துவிடுங்கள், அது இருந்தால் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். பச்சையில் நமக்கு வேண்டிய அளவு: அகலம் பதினொன்றரை செ.மீ., கனம் 5 செ.மீ., நீளம் கட்டை முழுக்க. மையம் இருந்த முகம்தான் மேல்முகம், குழிகள் அதில். இதற்குக் காரணம் உண்டு. காயும்போது வளையங்கள் நிமிரப் பார்க்கும், அதனால் மையப்பக்கம் புடைத்து, பட்டைப்பக்கம் குழியும். மேலே புடைத்ததை இழைத்து மட்டமாக்குவது எளிது, அடியில் லேசாகக் குழிந்திருந்தால் பலகை இரண்டு ஓரத்திலும் அழுந்தி ஆடாமல் உட்காரும். வைரமும் மேல்முகத்தில்தான் தெரியும்.

பச்சையில் பாதிக் குழி

முடிந்த குழி 6 செ.மீ. விட்டம், 2 செ.மீ. ஆழம். குழிக்குக் குழி ஒரு செ.மீ. இடைவெளி, இரு முனையிலும் 2 செ.மீ. ஓரம், ஏழு குழிக்கு மொத்தம் 52 செ.மீ. பச்சையில் அதே மையங்களைக் குறித்துக்கொண்டு நாலரை செ.மீ. வட்டம்தான் போட வேண்டும், ஆழம் ஒன்றரை. மரம் காய்ந்தபிறகு வட்டம் நீள்வட்டமாகிவிடும், மீதி வைத்த மரத்தில்தான் அதைத் திருத்துவோம்.

வாய் வளைந்த உளி ஒன்று, 20 மி.மீ. அகலம், போதும். பலகையைக் கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்குங்கள், கையால் பிடித்துக்கொண்டு தோண்டக்கூடாது, உளியின் கூருக்கு முன்னால் எந்த விரலும் இருக்கக்கூடாது. துளைபோடும் மெஷின் இருந்தால் நடுவில் பெரிய துளையாகப் போட்டுப் பாதி மரத்தை எடுத்துவிடலாம், ஆனால் ஆழம் மீறாதபடி பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

தோண்டும் திசையைக் கொஞ்சம் கவனமாகச் சொல்கிறேன், முதல்முறை செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். நார் பலகையின் நீளவாட்டில் ஓடுகிறது. முதலில் நாருக்குக் குறுக்கே, அகலவாட்டில், வட்டத்தின் இரண்டு பக்க ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கிக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) தட்டித் தட்டி எடுங்கள். குறுக்கே வெட்டும்போது துண்டு குட்டையாக உடைந்து வரும், பலகை பிளக்காது. நடுவில் ஒரு பள்ளம் விழுந்தபிறகு நீளவாட்டில் இரண்டு முனையிலிருந்தும் பள்ளத்துக்குள் இறங்குங்கள். எப்போதும் விளிம்பிலிருந்து அடிக்கு, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. அடியிலிருந்து விளிம்பை நோக்கி உளி ஏறினால் நாருக்கடியில் புகுந்து விளிம்பைப் பெயர்த்துவிடும், இரண்டு குழிக்கு நடுவே இருக்கும் சிறிய சுவர் அப்படித்தான் போகும். சரியாக வெட்டினால் சுருள் சுருளாக, ஈரத்தில் குளிர்ந்து, வெற்றிலை அளவுக்கு மெல்லிசாக வரும். கரகரவென்று இழுத்துக்கொண்டு வந்தால் ஒன்று திசை தவறு, இல்லை உளி மழுங்கிவிட்டது. ஒவ்வொரு குழி முடிந்ததும் சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்துவிட்டே அடுத்ததைத் தொடுங்கள்.

காயவைப்பது

தோண்டிய இரண்டு பலகையின் முனைகளிலும் மறுபடி மெழுகு பூசிவிட்டு, முதல் இரண்டு மூன்று வாரம் அதே மரத்தின் சீவலைப் போட்ட சாக்குப்பைக்குள் வையுங்கள், ஈரம் மெதுவாகக் கசியட்டும். சீவலில் பூஞ்சை பூக்கத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள். அப்புறம் வெளியே எடுத்து, காற்றோட்டமான நிழலில், தரைக்கு மேலே இரண்டு மூன்று சட்டங்களின் மீது மட்டமாக அடுக்குங்கள். சித்திரை வெயிலும் ஆடிக்காற்றும் நேரடியாகப் பட்டால் மேல்தோல் மட்டும் காய்ந்து கிழியும். மொட்டைமாடி வேண்டவே வேண்டாம், பரண் நல்ல இடம்.

எப்போது காய்ந்தது என்று தெரிந்துகொள்ள மீட்டர் தேவையில்லை, சமையல் தராசு போதும். பலகையின் அடியிலேயே பென்சிலால் தேதியும் எடையும் எழுதி வாருங்கள், வாரம் ஒருமுறை. முதலில் மளமளவென்று குறையும், அப்புறம் நின்று நின்று குறையும். மூன்று நான்கு வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் அந்த இடத்துக் காற்றின் ஈரத்தோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது. இந்தக் கனத்துக்கு நான்கு முதல் ஆறு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எடை கொஞ்சம் ஏறும், அந்த நேரத்து அளவை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

கட்டையில் வெளிறு அதிகம் இருந்தால், வைரமில்லாத அந்த வெள்ளைப் பகுதியில் இருக்கும் மாவுச்சத்துக்குத் துளைப்பான் வண்டு வரும். ஊசி முனை அளவு ஓட்டையும் மாவு மாதிரித் தூளும் தெரிந்தால் அதுதான். பச்சையில் தோண்டி முடித்த உடனே போராக்ஸ் ஒன்றரைப் பங்கு, போரிக் அமிலம் ஒரு பங்கு கலந்த கலவையை வெந்நீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு நன்றாகப் பூசி ஊறவிடலாம், பிறகு இறுதி இழைப்பில் மேல்பூச்சு போய்விடும், மேலே அரக்கும் வரும். முழுக்க வைரமாக இருந்தால் இதெல்லாம் தேவையில்லை.

முடிப்பு வேலை

காய்ந்த பலகையை இழைப்புளியால் முதலில் மேல்முகம் மட்டமாக்குங்கள், பிறகு இரண்டு பலகையும் ஒன்றையொன்று தொடும் ஓரம், அது மூலைமட்டத்துக்குச் சரியாக நிற்க வேண்டும், மடக்கும் இடம் அதுதானே. மற்ற ஓரங்களை அகலம் 10 செ.மீ., கனம் மூன்றரை செ.மீ. வரும்படி இழைத்து, முனைகளை வெட்டி 52-க்குக் கொண்டுவாருங்கள்.

இரண்டு பலகையையும் சேர்த்து வைத்துக்கொண்டு மையங்களை மறுபடி குறித்து, கவராயத்தால் 6 செ.மீ. வட்டம் போடுங்கள். இனி கொட்டாப்புளி வேண்டாம், உளியைக் கையாலேயே தள்ளி மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். ஆழம் பார்க்க ஒரு ஈர்க்குச்சி: குழியின் மேல் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, ஈர்க்குச்சியை அடியில் ஊன்றி, 2 செ.மீ. கோட்டில் ஸ்கேல் வருகிறதா என்று பாருங்கள். வளைவு எல்லாக் குழிக்கும் ஒன்றுபோல வர, அட்டையில் 6 செ.மீ. அகலம், 2 செ.மீ. ஆழத்துக்கு வில் வடிவ அச்சு ஒன்று வெட்டி வைத்துக்கொண்டு உள்ளே நிறுத்திப் பாருங்கள், அச்சு முட்டும் இடத்தில்தான் இன்னும் மரம் எடுக்க வேண்டும்.

குழியின் வடிவத்தில் நான் மிகவும் பிடிவாதமாக இருப்பேன். அடி தட்டையாக, சுவர் செங்குத்தாக இருந்தால் கடைசி முத்து மூலையில் ஒட்டிக்கொள்ளும், விரல் நகத்தால் நோண்டி எடுக்க வேண்டிவரும், ஆட்டத்தின் வேகமே போய்விடும். நாலு விரலைச் சேர்த்து ஒரே வீச்சில் துழாவினால் குழியில் இருந்த அத்தனையும் கைக்குள் வர வேண்டும். புளியங்கொட்டை 20 போட்டு அள்ளிப் பாருங்கள், ஒன்று தங்கினாலும் அந்த இடத்தை இன்னும் சரித்துவிடுங்கள். விளிம்பையும் கூராக விடாமல் லேசாக உருட்டிவிடுங்கள்.

உப்புத்தாள் 80-இல் தொடங்கி 120, 180, 240 என்று போங்கள். பாதி ரப்பர் பந்தில் உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டால் குழிக்குள் அழகாக உட்காரும். 180 முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள், நார் எழுந்து நிற்கும், காய்ந்தபிறகு 240 போட்டால் மறுபடி எழாது. கடைசியாகப் பெரிய சோழியின் முதுகால் குழிக்குள் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், எந்தப் பூச்சும் இல்லாமலே மினுங்கும்.

கீல் வைப்பது நிதானமான வேலை. மடக்கும்போது குழிமுகங்கள் ஒன்றோடொன்று சேர வேண்டும் என்பதால் கீல் மேல்முகத்தில்தான் வரும், அடியில் அல்ல. முதல் இரண்டு குழிக்கு நடுவிலும் கடைசி இரண்டு குழிக்கு நடுவிலும் மரம் அகலமாக இருக்கும், பித்தளைக் கீலை அங்கே வையுங்கள். தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவுக்கே காடி (பள்ளம்) எடுங்கள், கூடினால் மூடும்போது கீல் பக்கம் இடிக்கும், குறைந்தால் மூடியபிறகும் அந்தப் பக்கம் இடைவெளி நிற்கும். கீலின் உருளை உட்கார ஓரத்தில் ஒரு சிறிய வாய்க்காலும் வேண்டும். திருகாணிக்கு முன்துளை போட்டு, அதன் மேல் கொஞ்சம் மெழுகு தடவி இறக்குங்கள், இல்லையென்றால் பித்தளைத் திருகாணி கெட்டி மரத்தில் தலை முறிந்துவிடும். எதிர்ப்பக்கம் ஒரு கொக்கி.

பூச்சுக்கு எனக்குப் பிடித்தது அரக்கு. ஸ்பிரிட்டில் கரைத்து, பழைய பருத்தித் துணியைப் பொட்டலமாகச் சுருட்டி, மெல்லிசாக மூன்று நான்கு கை கொடுத்தால் வைரத்தின் நிறம் அப்படியே எழுந்து வரும், சீக்கிரம் காயும். அதற்கு மேல் தேன்மெழுகு. ஆளிவிதை எண்ணெயும் நல்லது, ஆனால் அது தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவைத்தபிறகே எறியுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காயவே காயாது, தூசி பிடித்துச் சிக்கடிக்கும். கெட்டியான வார்னிஷ் போட்டால் குழிக்குள் கண்ணாடி மாதிரி வழுக்கும், முத்து விழும் சத்தமும் மாறிவிடும், அதனால் நான் போடுவதில்லை.

முத்து

குழிக்கு 5 என்றால் 70 முத்து, 6 என்றால் 84, தொலைவதற்கு ஒரு கைப்பிடி கூடுதல். புளியங்கொட்டையானால் சதை போகக் கழுவி நன்றாக வெயிலில் காயவையுங்கள், அரைகுறையாக இருந்தால் வண்டு துளைக்கும். மஞ்சாடி பார்க்க அழகு, கைக்கும் இதம். சோழி கனமானது, மென்மையான மரத்தில் நாளடைவில் தடம் விழும், பூவரசும் சீமைக்கருவேலமும் தாங்கும். குன்றிமணி மட்டும் வேண்டாம், அதன் விதைக்குள் கடும் நஞ்சு இருக்கிறது, குழந்தைகள் கடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

முதல் வருஷம் மழைக்காலத்தில் கீல் கொஞ்சம் இறுகும், கோடையில் தளரும். உடனே திருகாணியைத் தொடாதீர்கள், ஒரு சுற்றுப் பருவம் போகட்டும். அதற்குப் பிறகும் மூடும்போது ஒரு முனை தூக்கினால், தூக்கும் இடத்தில் இழைப்புளியை இரண்டு தள்ளு தள்ளி, அந்த இடத்துக்கு மட்டும் அரக்கும் மெழுகும் கொடுத்தால் போதும்.